பார்க்க மறுத்த பலகை

உடைந்த பொருளுக்கு மரியாதை கொடுக்கும் இடம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது அந்த ஆராய்ச்சிக் கூடம்தான். மற்ற இடங்களில் உடைந்ததைக் குப்பையில் கொட்டுவார்கள். அரசாங்கம் நடத்தும் இந்தக் கூடத்தில் விமானத்துக்கென்று புதிது புதிதாகப் பொருள்களைச் செய்வார்கள், செய்த கையோடு உடைத்துப் பார்ப்பார்கள், உடைந்த துண்டுகளுக்கு எண் ஒட்டி, தார்ப்பாய் போர்த்தி, பின்பக்கக் கொட்டகையில் பூட்டி வைப்பார்கள். உடைத்துப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை என்பது அவர்கள் கொள்கை. கொள்கை நல்லதுதான். உடைந்த பிறகு ஒழுங்காக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதையும் அதில் சேர்த்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

கொட்டகைச் சாவி ஸ்கேன் அம்மாவிடம் இருந்தது. கூடத்தில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வயிற்றுப் பிள்ளையை டாக்டர் பார்ப்பதுபோல, விமானப் பலகைக்குள் என்ன இருக்கிறது என்று அல்ட்ராசவுண்ட் கருவி வைத்துப் பார்த்துச் சொல்லும் பிரிவுக்கு அவள் தலைவி. மயிரிழை வெடிப்பு, கடுகளவு காற்றுக் குமிழ், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கடையில் பீங்கான் கோப்பை வாங்கினால்கூட விரலால் சுண்டிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள் என்று கேலி பேசுவார்கள். கேலி இல்லை, உண்மைதான்.

அன்று காலையில் இயக்குநர் கூப்பிட்டனுப்பியிருந்தார். கூடத்தின் கண்டுபிடிப்புகளை ஜனங்கள் வந்து பார்க்க ஒரு காட்சிக்கூடம் கட்டி முடித்திருந்தார்கள். நடு இடத்தில் பளபளவென்று ஒரு புது இறக்கைத் துண்டு நின்றது. அதன் பிசின் வேறொரு நாட்டு ஆராய்ச்சிக் கூடத்தில் கண்டுபிடித்தது. இவர்கள் உரிமம் வாங்கிச் செய்திருந்தார்கள்.

"எல்லாம் நல்லதாவே வெச்சா ஜனங்களுக்குப் போரடிக்கும் மேடம்," என்றார் இயக்குநர். "உடைஞ்சது ஒண்ணு வேணும். நல்லா, அழகா உடைஞ்சதா பாத்து எடுத்துக் கொடுங்க. நீங்க ரிட்டயர் ஆகறதுக்குள்ள முடிச்சிருவோம்."

அழகாக உடைந்தது என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். சில பொருள்கள் நார்நாராகப் பிய்ந்து துடைப்பம்போல் ஆகிவிடும். சில, புத்தகத்தைத் திறந்ததுபோல அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். இரண்டாவது வகைதான் பார்க்க நன்றாக இருக்கும். தார்ப்பாய் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனவள், கடைசி வரிசையில் ஒன்றைத் தூக்கியதும் அப்படியே நின்றுவிட்டாள். எண்ணைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. அது அவள் புருஷனின் பலகை.

அவருக்குக் கூடத்தில் கோந்து சார் என்று பெயர். பிசின் செய்யும் வேதியியல்காரர். இந்தக் காலத்து விமானங்கள் பலவற்றின் இறக்கைத் தோல் உலோகத் தகடு இல்லை. கரி இழையில் நெய்த துணியைப் பிசினில் ஊறவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, அழுத்த உலைக்குள் தள்ளி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைப்பார்கள். அந்த உலை ஒரு வீட்டளவு இருக்கும், விலை ஒரு தெருவளவு இருக்கும். கோந்து சார் பத்துப் பன்னிரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு பிசின் கண்டுபிடித்தார். அதற்கு அழுத்தமும் வேண்டாம், பெரிய சூடும் வேண்டாம். ரொட்டி சுடும் அடுப்பைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டினால் போதும், அதில் இறக்கை செய்யலாம். சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்து இழுத்துப் பார்த்தார்கள், வளைத்துப் பார்த்தார்கள், வெந்நீரில் போட்டு மாசக்கணக்கில் ஊறவிட்டுப் பார்த்தார்கள். அசையவில்லை. மனுஷர் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு சிரிப்பார். என்ன சிரிப்பு என்று கேட்டால், "ஒட்டுது" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

அடுத்தது பெரிய பலகை. அடுக்கு பரப்பும் அறையில் ஒரு வழக்கம் உண்டு. பிசின் ஊறிய துணி தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அதன் மேல்பக்கம் கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். துணியைப் பரப்பி உருளையால் தேய்த்ததும், பரப்பினவரே அந்தத் தாளை உரித்துச் சுவரில் ஒட்ட வேண்டும். அப்புறம்தான் அடுத்த அடுக்கு. போட்டவர்தான் உரிக்க வேண்டும், வேறொருவர் கை வைக்கக் கூடாது. இரண்டு பேர் பொறுப்பு என்றால் ஒருவருக்கும் பொறுப்பில்லை என்று அர்த்தம். சுவரில் எத்தனை தாள், பலகையில் எத்தனை அடுக்கு என்று ஒத்துப் பார்ப்பார்கள். முழு அடுக்குகளுக்கு மட்டும்தான் அப்போது இந்தக் கணக்கு.

இன்னொரு வழக்கமும் உண்டு. புதுப் பொருளில் முதல் பலகை செய்யும்போது, அதைக் கண்டுபிடித்தவர் தன் கையால் ஒரு துண்டு வைக்க வேண்டும். ஆணி வரும் ஓரத்தில் பலத்துக்காக உள்ளங்கையளவு ஒட்டுத் துண்டு ஒன்று வைப்பார்கள். அன்று அதைக் கோந்து சார் வைத்தார். தலையில் தொப்பி, கையில் உறை, மூக்குக் கண்ணாடி நழுவ நழுவ, குழந்தையைத் தொட்டிலில் போடுகிறவர் மாதிரி குனிந்து வைத்து, தேய்த்து, நிமிர்ந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்ற அவர் பெண்டாட்டியும்தான் தட்டினாள். மனுஷருக்கு வெட்கம் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே விலகிக்கொண்டார். மேலே மூடும் அடுக்குகளை மற்றவர்கள் பரப்பி முடித்தார்கள்.

பலகை அடுப்பிலிருந்து வந்ததும் ஸ்கேனுக்குப் போனது. உறவுக்காரர் செய்ததை உறவுக்காரர் சோதிக்கக் கூடாது என்பது விதி. அது சரியான விதி. அவள் ஒதுங்கிக்கொண்டு, தன் பிரிவில் இருந்த இளையவரிடம் கொடுத்தாள். அவர் பார்த்தார், குறையில்லை என்று எழுதினார். அடுத்த வாரம் பலகையை இரும்புச் சட்டத்தில் மாட்டி இழுத்தார்கள். தாங்க வேண்டிய பாரத்தில் பாதிகூடத் தாங்கவில்லை. பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஓரத்திலிருந்து அடுக்கு அடுக்காக வாய் பிளந்துகொண்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

மறுநாள் காலை, வீட்டில், அவர் டீ ஆறிப்போகும்வரை கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"நீ ஒரு தடவ பாரேம்மா."

"நானா? எதை?"

"பலகைய. உடைஞ்சிடுச்சு, இனிமே சோதனை ஒண்ணும் இல்ல. சும்மா பாரு."

"நான் எப்படிங்க பாக்கறது? பெண்டாட்டி பாத்தா, புருஷன் தப்பிச்சிட்டான்னு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"விசாரிக்கிற கமிட்டிக்கு ஒண்ணும் எழுத வேணாம். எங்கிட்ட மட்டும் சொல்லு. பிசின் தப்புன்னா தப்புன்னு சொல்லிடு, நான் ஏத்துக்கறேன். வேற யாரு சொன்னாலும் மனசு கேக்காது. நீ சொன்னா கேக்கும்."

"அது இன்னும் தப்புங்க. ஒளிச்சுப் பாக்கற மாதிரி ஆயிடும்."

அவர் தலையாட்டினார். ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்து, கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அதற்கப்புறம் ஒருநாளும் கேட்கவில்லை.

அவள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அப்போதுதான் அவளுக்குப் பிரிவுத் தலைமை கொடுத்திருந்தார்கள். புருஷன் செல்வாக்கில் வந்தவள் என்று காதுபட ஒருவன் பேசினான், காதுபடாமல் பேசினவர்கள் எத்தனை பேரோ. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தன் பெயரில் ஒரு சொட்டு அழுக்கு படக் கூடாது என்று இருந்தாள். ஆனால் உடைந்த பலகையைப் பார்க்கக் கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லை. சோதிக்கக் கூடாது என்றுதான் இருந்தது. மிச்சத்தை அவளே சேர்த்துக்கொண்டாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நான் எவ்வளவு நேர்மை பார் என்று யாரும் கேட்காமலே காட்டிக்கொள்கிற பெருமை. கமிட்டி விசாரித்த நாட்களில், யாரும் கேட்க வந்துவிடக் கூடாது என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கமிட்டி பிளந்த இடத்தைப் பார்த்தது. பளபளவென்று வழுவழுப்பாக இருந்தது. பிசின் பிடிக்காத இடம் அப்படித்தான் இருக்கும். சின்னத் துண்டில் பிடித்தது பெரிய பலகையில் பிடிக்கவில்லை, ஆகவே இந்தப் பிசின் உதவாது என்று எழுதி மூடிவிட்டார்கள். வேறு வேலைகள் வரிசையில் நின்றன. கோந்து சார் இரண்டு வருஷம் அந்தக் கூடத்திலேயே வேறு யாரோ செய்த பிசின்களைக் கிண்டிக்கொண்டிருந்தார். பிறகு உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லி முன்னதாகவே வேலையை விட்டார். உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

இப்போது தெருவில் யார் வீட்டில் எது உடைந்தாலும் அவரிடம்தான் வரும். வாளிக் கைப்பிடி, குடைக் காம்பு, நாற்காலிக் கால். பெட்டிக்கடையில் விற்கும் டியூப் கோந்தை வைத்து ஒட்டிக் கொடுப்பார். "நீங்க பெரிய சயின்டிஸ்ட்டாமே, உங்க சொந்தக் கோந்து இல்லையா சார்?" என்று யாராவது கேட்டால், "அது வேணாம்ப்பா, பாதி வழியில கைவிட்டுடும்" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருக்கும் அவளுக்குத்தான் கத்தி நின்றுவிடும். போன வருஷம் வேறொரு நாட்டில் அழுத்தம் வேண்டாத பிசின் கண்டுபிடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "அவங்க சரியா பண்ணிட்டாங்க. நான்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன்," என்றார். பொறாமை இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தப் பலகைதான் இப்போது தார்ப்பாய் இல்லாமல் அவள் முன்னால் கிடந்தது.

காட்சிக்கு வைக்கத் தோதானதுதான். புத்தகம்போல விரிந்திருந்தது. அவள் ஆள் வைத்து அதைத் தன் பிரிவுக்கு எடுத்துவரச் சொன்னாள். காட்சிக்கு வைக்குமுன் கூர்முனைகளைத் தேய்க்க வேண்டும் என்று அவர்களிடம் சொன்னது முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. புருஷன் இப்போது கூடத்தில் இல்லை. அவளுக்கும் சில மாதங்களில் ஓய்வு. பேசுகிற நாலு பேரில் இரண்டு பேர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள், ஒருவர் செத்தே போய்விட்டார். யாருக்குப் பயப்பட இனி?

மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் கொண்டுவந்ததை மேஜையிலேயே சாப்பிட்டு, டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, பலகையின் மேல் ஸ்கேனுக்கான ஜெல்லைத் தடவினாள். கருவியின் முனையைப் பிளக்காமல் இருந்த பக்கத்திலிருந்து மெல்ல நகர்த்தினாள். திரையில் பச்சையாக வந்தது. பச்சை என்றால் உள்ளே இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் பச்சை. ஒரு குமிழ் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. இவ்வளவு சுத்தமான பலகையை அவள் அந்த வருஷம் முழுக்கப் பார்த்திருக்கவில்லை. கெட்ட பிசினில் செய்த பலகை இப்படி இருக்காது.

ஓரத்துக்கு வந்தபோது சிவப்பு விழுந்தது. ஆணித் துளைக்குப் பக்கத்தில், ஒட்டுத் துண்டின் மேலே. ஒட்டுத் துண்டு வைத்த இடத்தில் கனம் மாறுவதால் எப்போதும் கொஞ்சம் எதிரொலி வரும். அவசரமாகப் பார்க்கிறவர்கள் அதுதான் இது என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் கனம் மாறுகிற எதிரொலி ஓரத்தில் கோடாக மட்டும் வரும். இது கோடு இல்லை. உள்ளங்கையளவு முழுக்கச் சிவப்பு, நாலு பக்கமும் கத்தரியால் வெட்டிய மாதிரி நேராக. பிசின் பிடிக்காமல் போனால் திட்டுத் திட்டாக, எண்ணெய் சிந்திய மாதிரிப் பரவும். தானாக வருகிற எந்தக் குறையும் நாலு மூலையோடு வராது. அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இருந்தும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடி பார்த்தாள்.

இளையவர் சாப்பிட்டுவிட்டு வந்தார். அன்று ஸ்கேன் செய்தவரேதான். இப்போது தலை நரைக்கத் தொடங்கி, இளையவர் என்ற பெயர் மட்டும் மிச்சமிருந்தது. பலகையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். இரண்டு பேருமாகப் பலகையை வெட்டும் அறைக்குத் தூக்கிப் போனார்கள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வட்டக் கத்தி சுற்றியது. பிசின் நன்றாக இறுகியிருந்த இடத்தில் கத்தி முனகியது. சிவப்பு விழுந்த இடத்துக்கு வந்ததும் சுலபமாகப் போய்விட்டது.

வெட்டிய துண்டின் மேல் அடுக்குகள் நெம்பியதும் கழன்று வந்தன. அடியில் பளபளப்பு. கமிட்டி பார்த்த அதே பளபளப்பு. அவள் சாமணத்தை எடுத்து ஒரு மூலையைக் கிள்ளி இழுத்தாள். வெங்காயத்தின் உள்தோல் மாதிரி, முழுசாக, கிழியாமல் வந்தது அந்தத் தாள். பெரிய சூடு தேவைப்படாத பிசின் அல்லவா, அதனால் தாள் உருகக்கூட இல்லை.

"மேடம்," என்றார் இளையவர். "நான்தான பாஸ் பண்ணேன். ஒட்டுத் துண்டு ஓரம்னு நெனச்சேன்."

"யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க தம்பி."

"நீங்க நெனச்சிருக்க மாட்டீங்க." கத்தியின் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுச் சொன்னார். "உடைஞ்ச அன்னைக்கு எனக்குச் சந்தேகம் வந்துச்சு மேடம். கமிட்டி விசாரிச்சப்ப, உங்களை ஒரு தடவ பாக்கச் சொல்லலாம்னு ரூம் வரைக்கும் வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு. திரும்பிப் போயிட்டேன்."

அவள் தாளைத் துடைத்து ஒரு சின்ன உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் தலைவலி என்று சொல்லிப் பாதி நாளில் கிளம்பியதே இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். அவருடைய பிசின் நல்ல பிசின். அதை இன்றைக்கே சொல்லியாக வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் மாதிரிதான், பிசின் உரிமை இனி யாருக்கோ சொந்தம், காட்சிக்கூடத்தில் வேறு ஒருவர் பெயர்ப் பலகை நிற்கிறது, ஒன்றும் திரும்பி வராது. ஆனாலும் அந்த மனுஷர் தன்னைத் தானே நம்பாமல் மிச்ச வருஷங்களையும் கழிக்கக் கூடாது. சரி, தாளை விட்டது யார் என்று கேட்பாரே? ஒட்டுத் துண்டை வைத்தது அவர். போட்டவர்தான் உரிக்க வேண்டும். தன் கையே தன் கண்ணைக் குத்திய கதை. மேல் அடுக்குப் போட்டவர்கள் யாரோ கவனிக்கவில்லை என்று சொல்லிவிடலாமா? இரண்டு நிறுத்தம் வரைக்கும் அந்தப் பொய்யை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு வரவில்லை. இல்லாததை இருக்கிறது என்று அவள் ஒருநாளும் எழுதியவள் இல்லை, இருப்பதை இல்லை என்றும் எழுதியவள் இல்லை.

அவர் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, பக்கத்து வீட்டு டீச்சரின் மூக்குக் கண்ணாடியை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன, சூரியன் மேற்கால உதிச்சிடுச்சா? மத்தியானமே வந்து நிக்கற?"

அவள் செருப்பைக்கூட கழற்றவில்லை. உறையை அவர் முன்னால் வைத்தாள். அவர் பிரித்து, தாளை விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தார். பார்க்கிறதுக்கு முன்னாலேயே விரலுக்குத் தெரிந்துவிட்டது.

"இது அடுக்குத் தாள். எதுக்கு எடுத்துட்டு வந்த?"

"உங்க பலகைக்குள்ள இருந்துச்சுங்க. இன்னைக்கு வெட்டிப் பாத்தோம்."

அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"எங்க?"

"ஆணித் துளை ஓரத்துல. ஒட்டுத் துண்டுக்கு மேல."

அவருடைய வலது கை மேஜைமேல் தானாக நகர்ந்தது. ஒரு துண்டை வைப்பதுபோல, தேய்ப்பதுபோல. அப்புறம் அந்தரத்தில் நின்றது. அடுத்து அது செய்திருக்க வேண்டியதை அது அன்று செய்யவில்லை.

"நான் வெச்ச துண்டு," என்றார்.

"ஆமாங்க. நீங்க வெச்சது."

"நான் உரிக்கல."

"எல்லாரும் கை தட்டிட்டோம்," என்றாள் அவள். "அந்தச் சத்தத்துல மறந்துட்டீங்க."

"அப்ப பிசின்?"

"பிசின்ல ஒரு குறையும் இல்லங்க. தாள் இருந்த இடம் தவிர மத்த இடமெல்லாம் பாறை மாதிரி இருக்கு. கத்தி முனகுச்சு. இந்த வருஷம் நான் பாத்ததுலயே சுத்தமான பலகை அதுதான்."

மனுஷர் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். முகம் அழுகிறதா சிரிக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. வலது கையை இடது கையால் படீரென்று அடித்தார்.

"முட்டாக் கை! இந்த முட்டாக் கைதானா! பாத்தியா, பிசின் பிடிச்சிருக்கு. பிடிக்கும்னு எனக்குத் தெரியும். ராத்திரி ராத்திரியா கணக்குப் போட்டுப் பாத்தேன், எங்கயும் தப்பு இல்ல. சின்னத் துண்டுல பிடிச்சது பெரிசுல எப்படிப் பிடிக்காமப் போகும்? அப்பவே கமிட்டில கேட்டேன், ஒருத்தனும் வாயைத் திறக்கல." ஜன்னல் வரைக்கும் போனார், திரும்பி வந்தார். "யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்லுவாங்க, நான் என்ன யானையா? பூனை. சறுக்கிடுச்சு. சறுக்கினா என்ன! நம்ம பொண்ணுக்குப் போன் போடு. அப்பா கோந்து ஒட்டும்னு சொல்லு."

அவள் பயந்தது நடக்கவில்லை. தன் கையை அவர் ஒரு நொடியில் மன்னித்துவிட்டார். வேலை விட்டது, பெயர் போனது, இத்தனை வருஷம் தெருவுக்கெல்லாம் வாளிக் கைப்பிடி ஒட்டியது, எல்லாம் அந்த ஒரு அடியோடு முடிந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் தோள் நிமிர்ந்திருந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. நல்லவேளை பொய் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு, அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள்.

அவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சிக்காரர் அல்லவா, சந்தோஷத்திலும் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது.

"எப்படிக் கண்டுபிடிச்ச? முதல்லயே வெட்டிட்டியா?"

"இல்ல. ஸ்கேன் பண்ணேன். சிவப்பு நாலு மூலையா வந்துச்சு. பாத்ததும் தெரிஞ்சுடுச்சு."

"பாத்ததுமேவா?" அவர் வியந்துபோய்க் கேட்டார். பெண்டாட்டியின் கெட்டிக்காரத்தனத்தில் அவருக்கு எப்போதுமே பெருமை உண்டு. "ரொம்ப நேரம் பிடிச்சுதா?"

"சாப்பாட்டு நேரத்துல பாத்தேன்."

"சாப்பாட்டு நேரம் முழுக்கவா? அப்ப சாப்பிடலியா நீ?"

"சாப்பிட்டேன்," என்றாள். சொல்லும்போதே எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நிறுத்த முடியவில்லை. "சாப்பிட்டுட்டு, மிச்ச நேரத்துல பாத்தேன்."

அவர் தலையாட்டினார். தாளைத் தூக்கிப் பிடித்திருந்த கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது. தாளை உறைக்குள் போட்டு, உறையின் வாயை மடித்து, மேஜையில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

"அன்னைக்கு உன்னைக் கேட்டேன்," என்றார். குரலில் கோபமே இல்லை. இவ்வளவு வருஷம் கழித்து ஒரு சின்ன விஷயத்தைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரி, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "அன்னைக்கு உனக்கு அவ்வளவு நேரம்கூட இல்லையாம்மா?"

வேலை இருந்தது என்று சொல்லலாம். விதி இருந்தது என்று சொல்லலாம், அவர் நம்பக்கூடச் செய்வார். ஊர் பேசியிருக்கும் என்று சொல்லலாம். அவள் எதிர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இருந்துச்சுங்க," என்றாள். "நேரம் இருந்துச்சு."